பிடித்த முயலுக்கு மூன்று கால்

முயல் என்று சொன்னதும் என்ன ஞாபகத்துக்கு வரும்? ஆமை வரும். கேரட் வரும். (நிஜ முயலுக்குப் புல்லும் வைக்கோலும்தான் சாப்பாடு. கேரட் அதற்கு அல்வா மாதிரி, எப்போதாவது ஒரு துண்டு.) கொஞ்சம் யோசித்தால் நிலாவில் தெரியும் கறை வரும். இப்போதெல்லாம் இன்னொரு முயலும் வருகிறது. விரல் நகம் அளவுக்கு வெள்ளியில் செய்து, காதைத் தூக்கிக்கொண்டு, கண்ணுக்கு ரெண்டு பொடிக்கல் வைத்து, பெண்களின் மணிக்கட்டில் தொங்குகிறதே, அந்த முயல்.

சார்ம் பிரேஸ்லெட் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். முதலில் ஒரு வெறும் சங்கிலியை வாங்க வேண்டும். பிறகு அதில் கோக்கும் குட்டிக் குட்டி உருவங்களை ஒவ்வொன்றாக வாங்க வேண்டும். பிறந்தநாளுக்கு ஒன்று, பாஸானதற்கு ஒன்று, காதலன் மன்னிப்புக் கேட்டதற்கு ஒன்று. 1982இல் கோபன்ஹேகனில் ஒரு கணவன் மனைவி சேர்ந்து தொடங்கிய பாண்டோரா என்ற கடை, 2000இல் இந்த பிரேஸ்லெட்டை அறிமுகப்படுத்தியது. இன்று அது தாய்லாந்தில் தொழிற்சாலை வைத்து ஆண்டுக்கு 10 கோடிக்கும் மேற்பட்ட நகைகளை விற்கும் நிறுவனம். இதில் வியாபார சூட்சுமம் என்னவென்றால், சங்கிலி எப்போதும் முழுசாகாது. எங்கேயாவது ஒரு இடம் காலியாக இருந்துகொண்டே இருக்கும்.

இருக்கட்டும். சேர்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. தபால்தலை சேர்த்தவர்களுக்கும் தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களுக்கும் அது புரியும். இங்கே சண்டை சங்கிலியோடு இல்லை. முயலோடும் இல்லை. முயலோடு சேர்த்துக் கொடுக்கிறார்களே ஒரு சின்ன அட்டை, அதோடுதான். 'முயல்: அதிர்ஷ்டம், தூய்மை, மென்மை, செழிப்பு, புதிய தொடக்கத்தின் பழங்காலச் சின்னம்.' அட்டை இல்லாவிட்டால் இணையதளத்தில் படத்துக்குக் கீழே இதே சங்கதி இருக்கும். கடைக்குக் கடை வார்த்தை மாறுமே தவிர சரக்கு ஒன்றுதான்.

இந்த அட்டையில் இருப்பதில் பாதி பொய். மீதிப் பாதியில், யாரிடமிருந்து எடுத்தது என்பது மறைக்கப்பட்டிருக்கிறது.

முதலில் அந்த 'அதிர்ஷ்டம்'. முயல் ஏன் அதிர்ஷ்டம்? ஏனென்றால் அதன் காலை வெட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான் விஷயம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவனைப் பற்றி நம் ஊரில் பழமொழி உண்டு. அதிர்ஷ்ட வியாபாரி பிடித்த முயலுக்கு நிஜமாகவே மூன்று கால்தான். நாலாவது கால் சாவிக்கொத்தில் தொங்குகிறது.

இங்கிலாந்தில் சாமுவேல் பீப்ஸ் என்றொரு கடற்படை அதிகாரி இருந்தார். 1660களில் அவர் எழுதிய நாட்குறிப்பு உலகப் பிரசித்தம். தீராத வயிற்று வலிக்காரர். காட்டு முயலின் கால் ஒன்றை வைத்திருந்தார். 1664 கடைசியில் கணக்குப் பார்க்கிறார்: உடம்பு தேவலையாக இருப்பதற்குக் காரணம் முயல் காலா, தினம் காலையில் விழுங்கும் டர்பன்டைன் மாத்திரையா, கவுன் போடுவதை விட்டதா? அடுத்த மாதமே ஒருவர் வந்து, உங்கள் காலில் மூட்டு இல்லையே, அதனால்தான் வேலை செய்யவில்லை என்கிறார். அவருடைய காலை வாங்கித் தொட்டுப் பார்த்ததும் வலி குறைந்ததாம். தொட்டதுமே! கெட்டிக்காரரான பீப்ஸுக்கே இதில் பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். அட்டை எழுதுகிறவர்களுக்கு அந்தப் பாதி சந்தேகம்கூடக் கிடையாது.

ஆனால் உலகம் முழுக்கப் போனது பீப்ஸின் கால் இல்லை. அமெரிக்கத் தென்பகுதியில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களிடமிருந்து வந்த கால் அது. அவர்களுடைய மாந்திரீக மரபுக்கு ஹூடூ என்று பெயர். அதில் ஏதோ ஒரு முயலின் ஏதோ ஒரு கால் செல்லாது. இடது பின்னங்காலாக இருக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் பிடித்த முயலாக இருக்க வேண்டும். நிலவில்லாத இரவாக இருந்தால் உத்தமம், வெள்ளிக்கிழமையாக இருந்தால் இன்னும் உத்தமம். பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். இடது, கல்லறை, இருட்டு, கிறிஸ்தவர்களுக்கு ஏசு சிலுவையில் அறையப்பட்ட கிழமை. ஒன்றாவது மங்கலமா? அத்தனையும் அமங்கலம். அதில்தான் அதன் பலம். எஜமானின் சட்டமும் எஜமானின் சாட்டையும் ஆளும் பகல் வெளிச்சத்தில் தனக்கு இடமில்லாதவன், இருட்டிலிருந்து ஒரு பிடி பலத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான். 'க்யூட்' என்ற வார்த்தைக்கு இங்கே என்ன வேலை?

அதே மக்கள் சொன்ன கதைகளில்தான் பிரர் ராபிட் வருகிறான். பிரர் என்றால் பிரதர், அண்ணாச்சி என்று வைத்துக்கொள்ளுங்களேன். நரியையும் கரடியையும் ஏமாற்றிப் பிழைக்கும் சின்ன முயல். பலத்தால் ஜெயிக்க முடியாதவன் புத்தியால் ஜெயிக்கும் கதைகள். சில சமயம் கொடூரமாகவும் ஜெயிப்பான். நல்ல பிள்ளையே கிடையாது. இந்தக் கதைகளைத் தொகுத்து 1880இல் புத்தகமாக்கிப் பேர் வாங்கியவர் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்ற வெள்ளைக்காரப் பத்திரிகையாளர்.

காலுக்கும் இதே கதிதான். 20ஆம் நூற்றாண்டில் முயல் கால்கள் ஆயிரக்கணக்கில் சாயம் போட்டு, பச்சை, ஊதா, ரோஸ் என்று கலர் கலராக, தகர மூடி மாட்டி, சாவிச் சங்கிலியில் தொங்கவிடப்பட்டு அமெரிக்கா முழுக்க விற்றன. கல்லறையும் இல்லை, இருட்டும் இல்லை, இடது வலது என்ற கணக்கும் இல்லை. இதில் ஒரு உபகதை: 1900இல் பாட் சாப்பெல் என்ற கறுப்பினத்தவர் 'முயல் கால் கம்பெனி' என்று ஒரு கூடார நாடகக் குழு தொடங்கினார். பிற்காலத்தில் ப்ளூஸ் பாட்டின் தாய் என்று கொண்டாடப்பட்ட மா ரெய்னி இந்தக் குழுவோடு ஊர் ஊராகப் பாடிப் போனவர். சாப்பெல் 1911இல் இறந்தார். அடுத்த ஆண்டே கம்பெனி ஒரு வெள்ளைக்கார முதலாளியின் கைக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் முயல் கால்.

வெள்ளி முயலோடு வரும் அட்டையில் இந்த வரலாறு ஒரு வரி உண்டா? 'பழங்காலச் சின்னம்' என்று இரண்டே வார்த்தை. யாருடைய பழங்காலம் என்று கேட்டால் கடைக்காரர் அடுத்த சார்மை எடுத்துக் காட்டுவார்.

அடுத்து அந்தப் 'புதிய தொடக்கம்'. ஈஸ்டர் சீசனில் இந்தச் சரக்கு அதிகம். முயல், வசந்த தேவதை ஓஸ்டாராவின் புனித விலங்கு, பல்லாயிரம் ஆண்டு மரபு என்று அளப்பார்கள். எட்டாம் நூற்றாண்டில் பீட் என்ற ஆங்கிலத் துறவி எயோஸ்ட்ரே என்றொரு தேவதையைப் பற்றி ஓரிரு வரி எழுதியிருக்கிறார். அதில் முயல் என்ற பேச்சே இல்லை. தேவதையையும் முயலையும் முடிச்சுப் போட்டது 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பண்டிதர்களின் ஊகம். முட்டை கொண்டுவரும் ஈஸ்டர் முயல் பற்றி 1682இல் ஒரு ஜெர்மன் வைத்தியர் எழுதியது உண்மை. ஆகக்கூடி, கையில் இருக்கும் சாட்சியம் சுமார் 340 ஆண்டுப் பழசு. பல்லாயிரம் ஆண்டு எங்கே, இது எங்கே? ஆனால் 'ஜெர்மன் வைத்தியர் குறிப்பிட்ட முயல்' என்று அட்டையில் போட்டால் விற்குமா :-)

மூன்று முயல் சின்னம் இன்னும் தமாஷ். மூன்று முயல்கள் வட்டமாக ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு காது தெரியும், ஆனால் எண்ணிப் பார்த்தால் மொத்தமே மூன்று காதுதான். பக்கத்து முயலோடு ஆளுக்கு ஒரு காதைப் பங்கு போட்டிருக்கும். சீனாவில் தூன்ஹுவாங் குகைகளின் விதானத்தில் ஆறு, ஏழாம் நூற்றாண்டிலேயே இதை வரைந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் பாடர்போர்ன் தேவாலயச் சன்னலில் இருக்கிறது. இங்கிலாந்தில் டெவன் பகுதிக் கோயில்களின் கூரை மரங்களில் செதுக்கியிருக்கிறார்கள். எங்கிருந்து எங்கே போயிருக்கிறது பாருங்கள். செதுக்கியவர்கள் யாரும் இதற்கு இதுதான் அர்த்தம் என்று எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. ஆராய்ச்சியாளர்கள் வருடக்கணக்கில் ஊர் ஊராய் அலைந்தும் முடிவாகச் சொல்லத் தயங்குகிறார்கள். இதே சின்னம் போட்ட வெள்ளிப் பதக்கம் இணையத்தில் கிடைக்கும். அங்கே மட்டும் அர்த்தம் சந்தேகமே இல்லாமல் அச்சடித்திருக்கும்!

சீன ராசிச் சக்கரக் கதை தனி. 2023 முயல் ஆண்டு. பெரிய நகைக் கம்பெனிகள் எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு முயல் விட்டன. அதே 2023 வியட்நாம் பஞ்சாங்கத்தில் பூனை ஆண்டு. எல்லை தாண்டினால் சின்னம் செல்லாக்காசு. அடுத்த முயல் ஆண்டு 2035. அதுவரை முயல்களின் செழிப்பை யார் பார்த்துக்கொள்வார்களோ.

இனி 'தூய்மை, மென்மை'. இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலருக்கு முயல் பிடிப்பதற்கான நிஜக் காரணம் இதுதான். அதிர்ஷ்டம் எல்லாம் சும்மா. பார்த்ததும் அள்ளிக்கொள்ளத் தோன்றுகிறது. பெரிய தலை, உருண்டைக் கன்னம், பெரிய கண் இருந்தால் மனுஷ மனசு குழந்தை என்று நினைத்து உருகும் என்று கான்ராட் லோரன்ஸ் 1943லேயே எழுதிவிட்டார். நகைக்காரர்களுக்கு இது மனப்பாடம்.

ஒரு சார்ம் முயலையும் ஒரு நிஜ முயலையும் பக்கத்தில் வைத்து முகத்தைப் பாருங்கள். சார்ம் முயல்களில் பெரும்பாலானவை நேராகப் பார்க்கும், இரண்டு கண்ணும் முன்னால் இருக்கும். டிக் ப்ரூனா என்ற டச்சு ஓவியர் 1955இல் வரைந்த மிஃப்பி முயலும் அப்படித்தான், எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் நம்மைப் பார்த்தே இருக்கும். நிஜ முயலின் கண்கள் தலையின் இரு பக்கத்தில். பின்னாலிருந்து வருவது, மேலேயிருந்து பாய்வது எல்லாம் தெரிய வேண்டும். அதனால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். பார்க்க முடியாத இடம் ஒன்றுதான், மூக்குக்கு நேர் முன்னே ஒரு சின்ன இருட்டு. அதாவது சார்ம் எந்த இடத்தைப் பார்க்கிறதோ அந்த இடம் நிஜ முயலுக்குத் தெரியவே தெரியாது. இரையின் கண்ணைப் பிடுங்கிக் குழந்தையின் கண்ணை ஒட்டியிருக்கிறார்கள்.

முயலை மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும். 'அய்யோ எவ்வளவு ரிலாக்ஸா தூங்குது பாரு' என்று வீடியோ போடுகிறார்கள். அது தூக்கமில்லை. சிக்கிக்கொண்ட இரை கடைசி உபாயமாகச் செத்ததுபோல் உறைவது. உள்ளே இதயம் அடித்துக்கொண்டிருக்கும். மென்மை என்று அட்டையில் போட்டிருப்பது பெரும்பாலும் இந்தப் பயத்தைத்தான். முயல் சாதாரணமாகக் கத்தாது, குரைக்காது, ஆட்சேபிக்காது. அதனால்தான் அதன்மேல் யார் வேண்டுமானாலும் எந்த அர்த்தத்தையும் எழுதலாம்.

பீட்டர் ராபிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீலக் கோட்டு போட்ட சமர்த்து முயல். பியாட்ரிக்ஸ் பாட்டரின் புத்தகம் 1902இல் வந்தது. 1903லேயே அந்த அம்மா பீட்டர் பொம்மையைப் பதிவு செய்து உரிமம் வாங்கிவிட்டார், கதாபாத்திரத்தை விற்கும் வியாபாரத்துக்கு அவர் முன்னோடி. இன்று பீட்டர் வெள்ளியிலும் தொங்குகிறான். சரி, அந்தக் கதையின் தொடக்கத்திலேயே அம்மா முயல் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறது? தோட்டத்துப் பக்கம் போகாதீர்கள், உங்கள் அப்பா அங்கே போய்த்தான் விபத்தில் மாட்டி, மெக்ரிகர் வீட்டுப் பையில் சுடப்பட்டார் என்கிறது. அப்பாவை மாவுக்குள் வைத்துச் சுட்டுத் தின்றுவிட்டார்கள் ஐயா! பாட்டருக்கு முயல் என்றால் என்னவென்று தெரியும், செத்த முயல்களை அறுத்துப் பார்த்து உடற்கூறு வரைந்தவர். வெள்ளியில் வார்த்தவர்கள்தான் அந்த அப்பாவை விட்டுவிட்டார்கள்.

மென்மை என்ற இதே வார்த்தையைப் பெண்கள்மேல் ஒட்டிய கதையும் இருக்கிறது. ப்ளேபாய் பத்திரிகையின் போ கட்டிய முயல் தலையை ஆர்ட் பால் வரைந்தது 1953இல். முயல் கூச்சமுள்ளது, துள்ளுவது, கவர்ச்சியானது, அதனால்தான் சின்னம் என்று ஹ்யூ ஹெஃப்னர் 1967இல் ஒரியானா ஃபல்லாச்சியிடம் விளக்கம் கொடுத்தார். 1963இல் குளோரியா ஸ்டைனம் என்ற பத்திரிகையாளர் வேறு பெயரில் நியூயார்க்கின் ப்ளேபாய் கிளப்பில் 'பன்னி'யாக வேலைக்குச் சேர்ந்து, உள்ளே நடப்பதை எழுதினார். மூச்சு முட்டும் இறுக்கமான உடை, காது, வால், உயரக் குதிகால் செருப்பு, விடிய விடிய நடை. அந்த வேலையால் தன் பாதம் நிரந்தரமாக அரை சைஸ் பெரிதாகிவிட்டது என்று குறிப்பிட்டிருக்கிறார். அதிர்ஷ்டக் கால்! அந்த முயல் தலை இன்று பதக்கமாக, கம்மலாக, அந்தப் பத்திரிகையைக் கையில்கூடத் தொட்டிராத பெண்பிள்ளைகளின் கழுத்தில் இருக்கிறது. 'எங்களுக்கு அந்த அர்த்தமே தெரியாது, சும்மா அழகா இருக்கு' என்பார்கள். தெரியாமல் பார்த்துக்கொள்வதற்குத்தானே அட்டை.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். 'இம்மாத்தூண்டு வெள்ளி முயலுக்கு இவ்வளவு பேச்சா? பிடித்திருக்கிறது, வாங்குகிறார்கள். தங்கச்சி முயல் வளர்த்தாள், அது செத்துப்போச்சு, அதன் நினைவாக அண்ணன் ஒரு சார்ம் வாங்கிக் கொடுத்தால் தப்பா?'

தப்பே இல்லை. அதுதான் சார்ம். ஆங்கிலத்தில் அந்த வார்த்தைக்குத் தாயத்து என்றும் அர்த்தம், வசீகரம் என்றும் அர்த்தம். தாயத்து ஒரு ஆளுக்காக, ஒரு பயத்துக்காக, ஒரு நினைவுக்காகக் கட்டுவது. விக்டோரியா ராணியிடம் ஒரு பிரேஸ்லெட் இருந்தது. ஒவ்வொரு குழந்தை பிறந்தபோதும் ஒரு எனாமல் இதயம் சேர்ந்தது, ஒன்பது இதயம், ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தக் குழந்தையின் தலைமுடி. அதற்கு விளக்க அட்டை தேவைப்படவில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் ஐம்படைத்தாலி கட்டினார்கள்: திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், கதை. குழந்தையின் கழுத்தில் ஆயுதம்! பெற்றவள் எதற்குப் பயந்தாள் என்று பார்த்ததும் தெரிகிறது. செத்த முயலின் நினைவாக அண்ணன் கொடுத்த வெள்ளி முயலும் இந்த ஜாதிதான். அதன் அர்த்தம் அந்த இரண்டு பேருக்குள் இருக்கிறது. அர்த்தத்தையும் சேர்த்து ரெடிமேடாக விற்கும்போதுதான் கோளாறு.

ரெடிமேட் அர்த்தத்தின் உச்சம் சில வருடங்களுக்கு முன் கைப்பைகளில் தொங்கியது. கொழுகொழு முயல் பொம்மை, சாவி வளையத்தோடு. தடவினால் நிஜ முயல் மாதிரியே இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார்கள். இணையச் சந்தைகளில் விற்ற பலவற்றில் விவரம் வெளிப்படையாகவே போட்டிருந்தது: ரெக்ஸ் முயல் ரோமம். ரெக்ஸ் என்பது ரோமத்துக்காகவும் வளர்க்கப்படும் ஒரு முயல் ரகம். முயலைக் கொன்று, தோலை உரித்து, அந்தத் தோலில் சிரிக்கும் முயல் செய்து, 'மென்மை' என்று பேர் வைத்து மாட்டிக்கொண்டு போனார்கள். மூன்று கால் முயலாவது பரவாயில்லை.

இத்தனைக்கும் மக்களின் கதைகளில் முயல் இப்படிப் பயந்தாங்கொள்ளியாகவே இருந்ததில்லை. சிங்கத்தைக் கிணற்றில் குதிக்க வைத்தது பஞ்சதந்திர முயல். யானைக் கூட்டத்துக்கு ஏரியில் நிலாவைக் காட்டி, 'நான் சந்திரனின் தூதன், சந்திரன் உங்கள்மேல் கோபமாக இருக்கிறார்' என்று புளுகி விரட்டியதும் ஒரு முயல்தான். நிலா முயலை வைத்து நகை செய்கிறவர்கள் இந்த முயலை ஏன் செய்வதில்லை? கயத்தாறு, ஒட்டப்பிடாரம் பக்கம் போய்ப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை ஏன் அந்த இடத்தில் எழும்பியது என்று பெரியவர்களைக் கேளுங்கள். வேட்டை நாய்களை ஒரு முயல் எதிர்த்து விரட்டிய மண் அது, அதனால்தான் அங்கே கோட்டை என்பார்கள். விஜயநகரத்துக்கும் இதே கதை சொல்லப்படுவதுண்டு. நடந்ததா இல்லையா என்பது வேறு விஷயம். வீரத்துக்கு அடையாளம் தேடியவர்கள் புலியை விட்டு முயலைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஐரோப்பாவிலும் இந்த முயல் இருந்தது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ஸ்மித்ஃபீல்ட் டெக்ரிடல்ஸ் என்ற கையெழுத்துப் பிரதி இருக்கிறது. தேவாலயச் சட்டத் தொகுப்பு. 14ஆம் நூற்றாண்டில் அதன் பக்க ஓரங்களில் யாரோ ஒரு ஓவியர் படம் வரைந்திருக்கிறார். ஒரு முயல் வில்லெடுத்து வேடனின் முதுகில் அம்பு விடுகிறது. அடுத்த பக்கங்களில் முயல்கள் சேர்ந்து அவனைக் கட்டுகின்றன, நீதிபதி முன்னால் நிறுத்துகின்றன. நீதிபதியும் முயல். விசாரணை முடிந்து தலையை வெட்டுகிறார்கள். பிறகு வேட்டை நாயைப் பிடித்து, அதையும் விசாரித்து, வண்டியில் ஏற்றிப்போய்த் தூக்கில் போடுகிறார்கள். அந்த முயல்களுக்கும் நீளக் காது, உருண்டை முகம், குட்டி வால். நாலு காலும் இருக்கிறது.